அங்பாவ் காசில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுப் பையன் தன் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து என் வீட்டு வாசலுக்கே உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். செம்பனைக் குலை ஏற்றுகிற ஒற்றைச் சக்கர வண்டி. அடியில் சாக்கு விரித்து, மேலே ஒரு பழைய சாரத்தைப் போர்த்தியிருந்தான். மழை வரும்போல் இருந்தது, அதனால்தானாம்.

பையன் படிவம் நான்கு. அம்மா தோட்டத்தில் உரம் போடுகிற வேலை. நான் அதே தோட்டத்து ஆபீஸில் கிராணி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இந்தத் தாமானுக்குக் குடிவந்த நாளிலிருந்து, யார் வீட்டில் எது ஓடாவிட்டாலும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஒருமுறை ஒரு மாமி அரிசிச் சட்டியைக்கூடக் கொண்டுவந்தார். அது இன்னமும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

“அங்கள், கேம் ஓடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு புளூ ஸ்கிரீன். கார்டு புதுசு அங்கள், 1050 டிஐ, 4 ஜிபி.”

எவ்வளவு என்று கேட்டேன். 170 வெள்ளி. தீபாவளிக்கு உறையில் போட்டுக் கொடுத்த அங்பாவ் காசு மொத்தத்தையும் போட்டு, ஆன்லைனில் யாரோ ஒருவரிடம் வாங்கியிருக்கிறான். கார்டோடு ஒரு டிரைவர் லிங்கும், அதாவது கார்டை இயக்கத் தேவையான மென்பொருளுக்கான லிங்கும், அனுப்பியிருக்கிறார் விற்றவர். “இதை மட்டும் போடுங்க, வேற எங்கயும் அப்டேட் பண்ணாதீங்க” என்று ஒரு குறிப்பும். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கம்ப்யூட்டர் ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்டது, ஐ5-3470 சிப், 2012ஆம் ஆண்டு ரகம். விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுபோனது, தீபாவளிக்குச் சரியாக ஆறு நாள் முன்பு. புளூ ஸ்கிரீனைத் துரத்திக்கொண்டு செத்த விண்டோஸோடு மல்லுக்கட்டுவதைவிட, அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்றேன். பையன் யூடியூபில் பார்த்திருக்கிறான், சரி என்றான். அவனுக்கு மைன்கிராஃப்ட் ஓடினால் போதும்.

பென்டிரைவைச் செருகி பூட் செய்தோம். மின்ட்டின் பச்சை வால்பேப்பர் வந்தது. வந்ததோடு சரி. மெனு இல்லை, கீழே பட்டை இல்லை, ஐகான் ஒன்றும் இல்லை. ஏதோ தொங்கிவிட்டது என்று நினைத்து, பூட் மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுத்தேன். அதில் எல்லாம் வந்தது, ஆனால் 1024க்கு 768. ஜன்னலை இழுத்தால் ஈரச் சட்டையை இழுப்பதுபோல் பின்னாலேயே வருகிறது. கார்டு வேலையே செய்யவில்லை, படம் வரைகிற வேலையை முழுக்கப் பிராசஸரே பார்க்கிறது என்று அர்த்தம். சிஸ்டம் தகவலில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால் உங்கள் நிலைமையும் இதுதான்.

இன்ஸ்டால் ஆனபிறகு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், இந்தக் கார்டுக்குத் தர டிரைவர் ஒன்றும் இல்லை என்றது. 1050 டிஐ-க்கு டிரைவர் இல்லாமலா? கிளிக் பண்ணுகிற மென்பொருளுக்கு என்ன தெரியும் என்று டெர்மினலைத் திறந்து, என்விடியாவின் 535 டிரைவரை நானே கட்டாயப்படுத்திப் போட்டேன். ரீபூட் பண்ணினால் பழையபடி அதே 1024க்கு 768. ஒரு மணிநேரம் அப்படியே போனது. பையன் அம்மா பசியாறக் கூப்பிட்டார், அவனும் போய் வந்துவிட்டான், நான் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் என்னதான் சொல்கிறது என்று பார்க்க, அதன் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையை அடித்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வரி பச்சையாக உட்கார்ந்திருந்தது: இந்த மெஷினில் உள்ள கார்டு 390 வரிசை லெகசி (பழைய கார்டுகளுக்கான) டிரைவரில்தான் ஆதரிக்கப்படுகிறது, 535 டிரைவர் இதைக் கண்டுகொள்ளாது.

390 வரிசை, ஃபெர்மி என்ற பழைய என்விடியா ரகக் கார்டுகளுக்கான கடைசி டிரைவர். 1050 டிஐ 2016இல் வந்த பாஸ்கல் ரகம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

அப்புறம்தான், மெஷினில் செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்துப் பார்த்தேன். கார்டு தன் பெயரைச் சொன்னது: சிப் ஜிஎஃப்106, கார்டு ஜீஃபோர்ஸ் ஜிடிஎஸ் 450. 2010 செப்டம்பரில் வெளிவந்த கார்டு.

“இல்ல அங்கள், ஸ்டிக்கர பாருங்க, 1050 டிஐ-னு போட்டிருக்கு.”

ஸ்டிக்கர் போட்டிருக்கிறது, உண்மைதான். கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். பின்பக்கத் தகட்டில் நீலநிற விஜிஏ துளை. விஜிஏ என்பது பழைய அனலாக் திரைகளுக்கானது. பாஸ்கல் சிப்புகளில் அனலாக் சிக்னலே கிடையாது, விஜிஏ துளை இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். முதல் பார்வையிலேயே பிடித்திருக்க வேண்டிய விஷயம். சாதாரண 1050 டிஐ-க்கு 75 வாட் போதும், மதர்போர்டு துளையே கொடுத்துவிடும். இதற்கோ பவர் சப்ளையிலிருந்து தனியாக 6 பின் ஒயர் இழுத்திருந்தான். ஜிடிஎஸ் 450 தின்பது 106 வாட்.

பையன் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் நம்பவில்லை. “சாஃப்ட்வேர் தப்பா சொல்லலாம்ல?” என்றான். நியாயமான கேள்வி. சரி, சிப்பையே கேட்போம் என்று மின்விசிறிக்குப் பின்னால் இருந்த நாலு ஸ்பிரிங் ஸ்குரூவைக் கழற்றினேன். ஹீட்சிங்க் விடவில்லை. உள்ளே இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக இடமும் வலமும் திருகி எடுத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்கத் துடைக்கச் சாம்பல் நிறம் விலகி, கண்ணாடி மாதிரி ஒரு சதுரம் வந்தது. நேராகப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பொடி எழுத்து எழும்பும். பையனையே படிக்கச் சொன்னேன்.

“ஜிஎஃப்106-250... அதுக்குப் பக்கத்துல 1043.”

2010ஆம் ஆண்டு 43ஆம் வாரம் செய்தது என்று அர்த்தம். அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். “அப்ப எனக்கு ஒரு வயசு.”

இந்த மோசடி நடக்கும் விதம் இப்படி. பழைய கார்டின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலை, மாற்றி எழுதி, 1050 டிஐ என்றும் 4 ஜிபி என்றும் சொல்ல வைக்கிறார்கள். அதற்கு ஒத்து ஊத ஒரு திருத்திய டிரைவரையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ‘வேற எங்கயும் அப்டேட் பண்ணாதீங்க’ என்பதன் பொருள் அதுதான். இருப்பது 1 ஜிபி நினைவகம். கேம் அதை நிரப்பும்வரை ஓடும், அதைத் தாண்டி இல்லாத இடத்தில் எழுதப்போனால் குப்புற விழும். அவனுடைய ‘அஞ்சு நிமிஷம்’ அந்த 1 ஜிபி நிரம்ப ஆன நேரம். விண்டோஸில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018லிருந்து இப்படிப்பட்ட கார்டுகளின் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்றே போட்டுக் காட்டுகிறது. அந்த அளவுக்குச் சந்தையில் புழங்குகிற சரக்கு.

சரி, ஏமாந்தது ஏமாந்ததுதான். கையில் இருப்பதை ஓட வைக்க முடியுமா? 390 டிரைவருக்கு என்விடியா 2022 கடைசியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2022 மே மாதம் அவர்கள் தங்கள் கர்னல் பகுதியின் மூல நிரலைத் திறந்து வெளியிட்டார்கள், ஆனால் அது 2018இல் வந்த டூரிங் ரகக் கார்டுகளுக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும்தான். மிச்சம் இருப்பது நூவோ ஒன்றுதான். என்விடியாவின் ஆவணங்கள் கையில் இல்லாமல், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்தே ஆர்வலர்கள் எழுதிய திறந்த டிரைவர். 2010 பிப்ரவரியில் வந்த கர்னல் 2.6.33இல் சேர்ந்தது. பூட்டுக்குச் சாவி கிடைக்காமல், காதை வைத்துக் கேட்டே சாவி வெட்டிய கதை.

ஆனால் 535 போட்டபோது அந்தப் பேக்கேஜ் நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டிருந்தது. நான் செய்த முட்டாள்தனத்தின் இரண்டாவது தவணை. என்விடியா பேக்கேஜ் எல்லாவற்றையும் வேரோடு நீக்கி, பூட் ஆகும்போது கர்னல் முதலில் படிக்கும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்து ரீபூட் செய்தேன். இந்த முறை டிமெஸ்ஜியில் நூவோ பேசியது. பயாஸ் என்ன கதை விட்டாலும் நூவோ கேட்பதில்லை. சிப்பின் ரெஜிஸ்டரை நேராகப் படித்து ஜிஎஃப்106 என்றது. அடுத்த சில வரிகளில் நினைவகம் 1024 எம்பி, ஜிடிடிஆர்5 என்றது. டார்ச் அடித்து நாங்கள் படித்ததையே அது ஒரு நொடியில் படித்துவிட்டது.

திரையில் மறுபடியும் வெறும் வால்பேப்பர்.

இங்கேதான் பையன் என்னை முந்தினான். சுட்டியை ஆட்டிக்கொண்டே இருந்தவன், “அங்கள், மவுஸு இடது பக்கம் போனா காணாமப் போகுது” என்றான். உண்மைதான். அம்புக்குறி இடது ஓரத்தைத் தாண்டி எங்கேயோ போகிறது, திரும்ப இழுத்தால் வருகிறது. அப்படியென்றால் இடது பக்கம் இன்னொரு திரை இருப்பதாக மெஷின் நம்புகிறது. மெனுவும் ஐகானும் அங்கே, இல்லாத திரையில், ஜோராக உட்கார்ந்திருக்கின்றன. அப்போ முதல் பூட்டிலேயே கார்டு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. தொங்கிவிட்டது என்று நினைத்தது நான்தான்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனேன். அது எல்லாத் திரையிலும் ஒரேமாதிரி வரும் என்பதால் பிழைத்தேன். கர்னல் தனக்குத் தெரிந்ததைக் காட்டும் சிஸ் அடைவுக்குள், டிஆர்எம் என்ற கிராபிக்ஸ் பகுதியில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு ஸ்டேட்டஸ் கோப்பு இருக்கும். எச்டிஎம்ஐ-ஏ-1, இணைக்கப்பட்டுள்ளது. சரி. விஜிஏ-1, அதுவும் இணைக்கப்பட்டுள்ளதாம். அந்தத் துளையில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை. எந்தத் துளை எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை நூவோ கார்டின் பயாஸிலிருந்துதான் எடுக்கிறது. பயாஸை மாற்றி எழுதிய புண்ணியவான் அந்த அட்டவணையையும் குழப்பிவிட்டான் என்பது என் ஊகம்.

மருந்து ஒரே வரி. பூட் அமைப்புகள் இருக்கும் கிரப் கோப்பில், கர்னலுக்குப் போகும் வாசகத்தின் கடைசியில் ‘வீடியோ=விஜிஏ-1:டி’ என்று சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டினால் அந்தத் துளையைக் கர்னல் மறந்துவிடும். எழுதும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, விஜிஏ மட்டும் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. ரீபூட் செய்தோம். மெனு, பட்டை, 1920க்கு 1080, எல்லாம் வந்து நின்றது. அதற்குள் இரவு மணி பதினொன்று. பையன் அம்மா வாசலில் நின்று, “அங்கள தூங்க விடுடா” என்றார்.

மறுநாள் மைன்கிராஃப்ட். ஓடியது, விழவில்லை, ஆனால் நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் நூவோவின் தெரிந்த குறை. கார்டு பூட் ஆகும்போது தாழ்ந்த வேகத்தில் எழும், டிரைவர்தான் அதை மேலே ஏற்ற வேண்டும். ஃபெர்மிக்கு அடுத்து வந்த கெப்ளர் ரகத்தில், கர்னலின் டீபக் அடைவில் உள்ள பிஸ்டேட் என்ற வேகக் கோப்பில் எழுதி நாமே ஏற்றலாம். ஃபெர்மியில் அந்த வேலை முடியவில்லை. கோப்பைத் திறந்தால் வேகங்கள் வரிசையாகத் தெரியும், மேலே உள்ளதை எழுதினால் அந்த வசதி இல்லை என்று கைவிரிக்கும். கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற பலகாரம்.

எதற்கும் பார்ப்போம் என்று கார்டைப் பிடுங்கிவிட்டு, பிராசஸரிலேயே இருக்கும் இன்டெல் எச்டி 2500இல் ஓட்டிப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் நின்றது. பையன் கார்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நம் ஊர்ப் பெயருக்கு மலாயில் நத்தை ஆறு என்றுதானே அர்த்தம், அதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்றேன். அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரமும் இல்லைதான். விற்றவர் அதற்குள் கணக்கையே மூடியிருந்தார், பணம் திரும்பக் கேட்கும் கெடுவும் தாண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஈப்போவில் ஒரு வேலை இருந்தது, அவனையும் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு கடையில் ரேடியான் ஆர்எக்ஸ் 550 இருந்தது, 120 வெள்ளி. அதில் பாதி அவன் அம்மா கொடுத்தது, மீதி என்னுடையது. செடி வெட்டிக் கழித்துக்கொள்வதாக ஒப்பந்தம். ஏஎம்டி-யின் ஏஎம்டிஜிபியு டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதையும் தேடிப் போடவேண்டாம். இந்தக் கார்டுக்குத் தனி பவர் ஒயரும் வேண்டாம்.

காசைக் கொடுக்கும் முன்பு, மின்ட் பென்டிரைவைக் கடைக்காரரின் டெஸ்ட் போர்டில் செருகலாமா என்று கேட்டோம். வயதான சீனர், தலையாட்டினார். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ அடித்தது பையன்தான், ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. திரைக்குக் கிட்டே குனிந்து, “லெக்ஸா, ரேடியான் 550” என்று சிப் பெயரையும் கார்டு பெயரையும் சத்தமாகப் படித்தான். பின்தகட்டையும் திருப்பிப் பார்த்தான், விஜிஏ துளை இருக்கிறதா என்று.

கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசைக்கு அடியில் கையைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய இன்னொரு கார்டை எடுத்துப் பையன் முன்னால் வைத்தார். இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல் என்றார், மலாயில்.