பங்கில் வந்த பழைய மேசைக்கு விலை பார்த்த அனுபவம்

காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் ஐயா வீட்டைப் பங்கு பிரித்தபோது ஒரு கணக்கு மேசை, ஒரு வட்ட மேசை, கண்ணாடி பதித்த பீரோ ஆகிய மூன்றும் எங்கள் பக்கம் வந்தன. எல்லாம் பர்மாத் தேக்கு, லட்சக்கணக்கில் போகும் என்றார் சித்தப்பா. பழைய மரம் வாங்க வந்தவரோ கன அடிக் கணக்கில் ஒரு விலை சொன்னார். இரண்டையும் நம்ப முடியவில்லை. பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வராமல் இருக்க வேண்டுமானால் சரியான விலை தெரிந்தாக வேண்டும்.

முதலில் பழைய வேலை தெரிந்த ஆசாரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் மேசையின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, அடிப்பலகையைக் கையால் தடவச் சொன்னார். மெல்லிய மேடு பள்ளம் விரலில் தட்டுப்பட்டது. அது இழைப்புளி ஓடிய தடம். மூலையில் பலகைகள் கோத்திருந்த பற்கள் ஒன்றுபோல் இல்லை. அறுக்குமுன் அளவுக்குக் கீறிய கோடுகூட அப்படியே இருந்தது. மெஷின் வேலையில் இவ்வளவு வித்தியாசம் வராது. மேல்பூச்சு அரக்கு பாலிஷ்தானா என்று பார்க்க, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தார். பூச்சு இளகிப் பிசுபிசுத்தது. அப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "விலை பேசி முடிக்கிற வரைக்கும் பாலிஷ் போட்டுடாதீங்க தம்பி." சுரண்டிப் பளபளப்பாக்கினால் வயதைக் காட்டும் தடயங்களும் சேர்ந்து போய்விடும். விசேஷத்துக்காக இழைத்துப் பாழாக்கிய நல்ல சாமான்களை நானே எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

வட்ட மேசையை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்தார். மரம் நாளாக ஆக ரேகைக்குக் குறுக்கே சுருங்கும் என்பதால் பழைய வட்டம் முழு வட்டமாக நிற்காது. எங்களுடையதில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. பீரோவில்தான் ஏமாற்றம். கதவுகளும் கால்களும் பழையவை, ஆனால் பின்பலகை பிளைவுட், கீலில் ஸ்டார் ஸ்க்ரூ. அந்த வகைத் திருகாணி 1930களில்தான் உலகத்துக்கே வந்தது. பிற்பாடு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் அடிப்பக்கம், பூட்டு, மூலை, உடைசல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடையிலும் இரண்டு கேள்வி கேட்டேன்: நீங்கள் வாங்கினால் எவ்வளவு தருவீர்கள், இதே பொருள் உங்களிடம் இருந்தால் என்ன விலை சொல்வீர்கள்? இரண்டுக்கும் இடையே இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி. கடை வாடகை, பழுது, விற்கும் வரை முடங்கும் பணம் எல்லாம் அதில் அடக்கம் என்பதால் அதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். பங்கு பிரிக்க இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை வைப்பதுதான் நியாயமாகப் பட்டது.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை கணக்கு மேசையைக் கேட்டாள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயது தாண்டிய இத்தகைய பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு ஆகவில்லை என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று வாங்க வேண்டும். எங்கள் மேசை நூறையொட்டி நிற்பதால் அந்தப் பேச்சை விட்டோம். மேசை என்னிடம் இருக்கிறது, அவள் பங்குக்குப் பணம் கொடுத்தாயிற்று. வட்ட மேசையை அத்தை எடுத்துக்கொண்டார். கடைகள் சொன்ன விலைகளையும் படங்களையும் பங்குப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வைத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.