35 வயதில் ஒரு முற்பகல்

யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே டொக்டர், பிறகேன் இந்தச் சோதனை?" என்பதாகும். கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை எடுத்துப் பார்க்கும் பப் பரிசோதனையைப் பற்றிய நியாயமான கேள்வி இது. ஆனால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பொறுத்தவரை, வருத்தம் எதுவும் தெரியாத அந்தக் காலத்தில்தான் அதனை முழுமையாகத் தடுக்க முடியும்.

இப்புற்றுநோய் ஏறத்தாழ எல்லோரிலும் எச்பிவி எனப்படும் வைரசினாலேயே ஏற்படுகிறது. பாலுறவின் வழியே தொற்றும் இவ்வைரசு பெரும்பாலான பெண்களின் உடலிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். சிலரிடம் மட்டும் தங்கி, கருப்பைக் கழுத்தின் கலங்களைச் சிறிது சிறிதாக மாற்றத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அவ்வளவு காலமும் நோவோ இரத்தக்கசிவோ இராது. பப் பரிசோதனை இந்த இடைக்காலத்தில் அம்மாற்றத்தைக் கண்டுபிடிப்பதற்கானது. அப்போது கண்டுபிடித்தால், மாறிய பகுதியை மட்டும் அகற்றினாலே பெரும்பாலும் போதும், கருப்பையை எடுக்க வேண்டியிராது.

இலங்கையில் 1996 முதல் நடைபெற்றுவரும் வெல் வுமன் (பெண்கள் நல) கிளினிக்குகளில், 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்களுக்கு இப்பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துச் செல்லுங்கள். கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களைச் சுரண்டி எடுப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். சற்று அசௌகரியமாக இருக்கலாம், மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. அன்றே இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்து, மார்பகங்களையும் பரிசோதிப்பார்கள். பரிசோதனை முடிவுத் தாளில் மாற்றம் இருப்பதாக எழுதியிருந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல, அடுத்த பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதே. அந்தத் தாளைக் கண்டு அஞ்சி அலமாரியில் வைத்துவிடுவோரைப் பற்றியே எனக்கு மிகுந்த கவலை.

கணவரை இழந்த பெண்களும், கணவர் வெளிநாட்டில் இருப்பவர்களும் "எனக்கு இது தேவையில்லை" என்று ஒதுங்கிக்கொள்வதை இங்கு அடிக்கடி காண்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் தொற்றிய வைரசு உடலில் தங்கியிருக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் இது தேவை. போரினால் குடும்பச் சுமையைத் தனியே தாங்க நேர்ந்த பெண்கள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில், தங்கள் உடலைக் கடைசியாகவே நினைத்துப் பார்க்கும் அவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகள்மாருக்கு எங்களுக்குக் கிடைக்காத ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2017 முதல் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடப்படுகிறது. இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணமான 16, 18 என்ற இரு வைரசு வகைகளையும் அது தடுக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் என்று தாய்மார் தயங்குகிறார்கள். தொற்று ஏற்படுவதற்கு முன் போட்டால்தான் ஊசி நன்கு பயன்தரும், ஏற்கெனவே தொற்றிய வைரசை அது நீக்காது. பிற்காலத்தில் பிள்ளை பெறுவதற்கு இவ்வூசி இடையூறாக இருக்கும் என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆயினும் எல்லா வகைகளையும் அது தடுப்பதில்லையாதலால், ஊசி போட்ட பிள்ளையும் வளர்ந்தபின் பப் பரிசோதனைக்குச் செல்லத்தான் வேண்டும்.

இங்கு சொன்னவை அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானவை. மாதவிடாய் நின்றபின் இரத்தக்கசிவு, உறவின் பின் இரத்தக்கசிவு, துர்நாற்றத்துடனான வெள்ளைபடுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல், முன்பு செய்த பப் பரிசோதனை சரியாக இருந்தது என்று ஆறுதலடையாமல், உடனே வைத்தியசாலைக்குச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள்.