கிரீன் ரூமில் பச்சை எங்கே?

பள்ளி ஆண்டு விழாவில் இருந்து சபா நாடகம் வரை மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு நாம் வைத்திருக்கிற பெயர் கிரீன் ரூம். நம் ஊரில் அது மேக்கப் போடுகிற இடம், பவுடர் வாசமும் சேஃப்டி பின் தேடலுமாக ஒரே அமளியாக இருக்கும். இங்கிலாந்து நாடக உலகத்தில் வேஷம் போடத் தனி அறை உண்டு. கிரீன் ரூம் என்பது வேஷம் போட்டு முடித்தவர்கள் தங்கள் காட்சி வரும்வரை உட்கார்ந்திருக்கும் இடம். அதாவது வெயிட்டிங் ரூம்தான். டிவி விவாதத்துக்கு வருகிறவர்களை முதலில் உட்காரவைக்கும் அறைக்கும் இந்தப் பொருளில்தான் அதே பெயர்.

சரி, ஏன் பச்சை? பலரும் சொல்லும் கதை லைம்லைட் பற்றியது. சுண்ணாம்புக் கட்டியை ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் கலந்த தீயில் சுட்டு வரவழைக்கும் வெளிச்சம் அது, கண்ணைக் கூசவைக்கும், அதனால் நடிகர்களின் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஓய்வறைக்குப் பச்சை அடித்தார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறதே! லண்டன் கோவென்ட் கார்டன் அரங்குக்கு லைம்லைட் வந்தது 1837-இல். தாமஸ் ஷாட்வெல் 1678-இலேயே தன் நாடகம் ஒன்றில் மேடைக்குப் பின்னால் ஒரு பச்சை அறை இருப்பதாக எழுதிவிட்டார், 1701-இல் அச்சான, காலி சிப்பர் என்பவரின் நாடகத்திலோ அது எல்லோருக்கும் தெரிந்த பெயராகவே வருகிறது. விளக்கு வருவதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே கண் கூசியிருக்க முடியாது.

அப்புறம், திரைச்சீலைகள் வைத்த சீன் ரூம்தான் வாய் மருவி கிரீன் ரூம் ஆனது என்பார்கள், மேடையில் விரித்த பச்சைத் துணியைக் காரணம் காட்டுவாரும் உண்டு. எதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. ஏதோ ஒரு பழைய அரங்கில் அந்த அறைச் சுவர் பச்சையாக இருந்திருக்கும், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

பெயர்க் கதையைவிட எனக்குப் பிடித்தது அந்த அறைக்குள் நடந்த கூத்து. பெரிய அரங்குகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரீன் ரூம்கள் இருந்தன, யார் எதில் உட்காரலாம் என்பது சம்பளத்தைப் பொறுத்தது. சின்ன நடிகர் யாராவது தகுதிக்கு மீறிய அறைக்குள் போய் உட்கார்ந்தால் அபராதம்கூடப் போட்டார்களாம்!