இரண்டாம் எண் சட்டை: சார்ல்ஸ் வுட்சனின் மிச்சிகன் ஆண்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஊரான ஆன் ஆர்பரில் படித்த தமிழ் மாணவர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்கள். சனிக்கிழமை மதியம் ஸ்டேட் தெருவை மஞ்சளும் நீலமும் நிறைப்பதைப் பார்த்த பிறகுதான் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் நம் கவனம் போனது. லட்சம் பேர் உட்காரும் அந்த மைதானத்தில் எல்லாருடைய கண்ணும் பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து போகாத பக்கத்தில் ஆட்டம் எப்படித் தீர்மானமாகிறது என்பதை மூன்று பருவங்களில் நமக்குக் காட்டியவர் சார்ல்ஸ் வுட்சன். அவருடைய ஆட்டத்தின் நுட்பங்களை எழுதி வைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. புலம்பெயர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி அணிகளில் தடுப்பாளராக நிற்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில் அது அவர்களுக்கும் பயன்படும்.

வுட்சன் ஒஹாயோ மாநிலத்தின் ஃப்ரீமான்ட் ஊர்க்காரர், 1976 அக்டோபரில் பிறந்தவர். பிறவியிலேயே பாதங்கள் வளைந்திருந்ததால் சிறு வயதில் திருத்துகருவி அணிந்து நடந்தவர். ஃப்ரீமான்ட் ராஸ் பள்ளியில் அவர் முக்கியமாகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக். 1994இல் அந்த மாநிலத்தின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. ஒஹாயோக்காரர் மிச்சிகனுக்கு ஆட வருவது அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பது நவம்பர் பிற்பகுதியில் மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் மோதும் சனிக்கிழமைகளைக் கண்டவர்களுக்குத் தெரியும். வந்தவரை லாயிட் கார், எதிரணியில் பந்தை வாங்க ஓடும் ரிசீவரை ஓரத்தில் நின்று தடுக்கும் கார்னர்பேக் இடத்தில் நிறுத்தினார். காருக்கும் அதுதான் தலைமைப் பயிற்சியாளராக முதல் ஆண்டு.

கார்னர்பேக்கின் வேலையைப் புரிந்துகொள்ள முதலில் மைதானத்தின் அகலத்தைப் பார்க்க வேண்டும். நீளம் 100 யார்டு என்பது எல்லாரும் அறிந்தது. அகலம் 160 அடி, அதாவது 53 யார்டுக்குச் சற்று மேல். கல்லூரி ஆட்டத்தில் பந்து வைக்கப்படும் ஹாஷ் குறிகள் இரு எல்லைக் கோடுகளிலிருந்தும் 60 அடி உள்ளே இருக்கின்றன. பந்து இடக் குறியில் இருந்தால் இடப்பக்கம் 20 யார்டு, வலப்பக்கம் 33 யார்டுக்கு மேல். தொழில்முறை ஆட்டத்தில் குறிகள் நடுவை ஒட்டியே இருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு அவ்வளவு இல்லை. குறுகிய பக்கத்தில் நிற்கும் கார்னர் எல்லைக் கோட்டை இன்னொரு தடுப்பாளராகவே பயன்படுத்தலாம். அகன்ற பக்கத்தில் நிற்பவருக்கு அந்த உதவி கிடையாது, ஓட வேண்டிய தூரமும் அதிகம். ஆனால் அந்தத் தூரத்தைப் பந்தும் கடந்து வர வேண்டியிருப்பதால், எறிந்த பிறகு பாய்ந்து பிடிக்க ஒரு கணம் கூடுதலாகக் கிடைக்கும்.

வுட்சனின் பலம் பிரஸ், அதாவது ரிசீவரின் முகத்துக்கு நேரே நின்று தடுப்பது. 6 அடி 1 அங்குல உயரம், ஏறத்தாழ 200 பவுண்டு எடை, நீண்ட கைகள் எல்லாம் அதற்குத் தோதாக அமைந்தன. நிற்கும் முறையில்தான் பாதி வெற்றி. கால்கள் தோளளவு அகலத்தில் இருக்க வேண்டும், எடை பாதத்தின் முன்பகுதியில், முழங்கால் மடங்கி, முதுகு தட்டையாக. பந்து நகர்ந்ததும் முன்னே பாயக் கூடாது. ரிசீவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்வரை சிற்றடிகளாகப் பின்னே எடுத்துவைத்து, அவர் போகும் பக்கத்துக்கு எதிர்க் கையால் மார்பில் ஒரு தள்ளு, அதே கணத்தில் இடுப்பைத் திருப்பி அவரோடு ஓட்டம். கபடியில் பாடி வருபவரின் கையைப் பார்க்கும் பிடியாள் ஏமாறுவார், இடுப்பைப் பார்ப்பவர் ஏமாற மாட்டார். இங்கேயும் அதேதான்: தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது.

பிரஸில் தவறு நடக்கும் விதங்கள் மூன்று. இரண்டு கைகளையும் ஒன்றாக நீட்டினால் உடல் முன்னே சாயும், ரிசீவர் கையைத் தட்டிவிட்டுக் கடந்துவிடுவார். இரண்டாவது, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எட்டிப் பார்ப்பது. பார்த்த அந்த அரை நொடியில் ரிசீவர் இரண்டு யார்டு தள்ளிப் போயிருப்பார். மூன்றாவது, பின்தங்கிய பிறகு திரும்பிப் பந்தைத் தேடுவது. ரிசீவரின் இடுப்போடு இடுப்பாக ஓடிக்கொண்டிருந்தால் மட்டுமே தலையைத் திருப்ப வேண்டும். பின்தங்கிவிட்டால் அவருடைய கைகளையே பார்த்திருந்து, அவை மேலே எழும்போது நடுவில் கையை விட்டுப் பந்தைத் தட்ட வேண்டும். பந்து வருமுன் சட்டையைப் பிடித்து இழுத்தால், கல்லூரி விதிப்படி அதிகபட்சம் 15 யார்டு தண்டனை. தொழில்முறையில் குற்றம் நடந்த இடத்துக்கே பந்து போய்விடும். கல்லூரியில் இன்னொரு சலுகையும் உண்டு. பந்து காற்றில் எழும்வரை முன்னே வரும் ரிசீவரைக் கையால் தடுக்கலாம், தொழில்முறையில் 5 யார்டோடு அது நின்றுவிடும். வுட்சன் போன்ற வலுவான கார்னருக்கு இது கல்லூரியில் பெரிய ஆயுதம்.

பின்தள்ளி ஏழெட்டு யார்டில் நிற்கும்போது கணக்கு வேறு. முதல் சில அடிகளில் கண் குவார்ட்டர்பேக் மேல் இருக்கலாம். அவர் மூன்று காலடி பின்வாங்கிக் காலை ஊன்றினால் பந்து குட்டையாகவும் சீக்கிரமாகவும் வரும், கார்னர் உடனே பின்காலை ஊன்றி முன்னே பாய வேண்டும். ஐந்து காலடியோ அதற்கு மேலோ பின்வாங்கினால் கண் ரிசீவருக்குத் திரும்ப வேண்டும். இங்கேதான் ரன்னிங் பேக்காக வளர்ந்த வுட்சனின் பார்வை உதவியது என்பது என் துணிபு. பந்தை வைத்திருப்பவர் எங்கே போக விரும்புவார் என்பதை உள்ளிருந்து அறிந்தவர் அவர். அதனால்தான் கார்னர்கள் பலர் தயங்கும் ஓட்டத் தடுப்பிலும் தோளைக் கொடுத்து வீழ்த்தினார்.

எதிரணி எறிந்த பந்தை நடுவில் பறிக்கும் இடைமறிப்புகள் முதல் ஆண்டிலேயே 5, மிச்சிகன் ஆடும் பிக் டென் கல்லூரிக் கூட்டமைப்பின் சிறந்த புதுமுக விருது. 1995 நவம்பரில் தோல்வியே காணாமல், தர வரிசையில் இரண்டாம் இடத்தில் ஆன் ஆர்பர் வந்தது ஒஹாயோ ஸ்டேட். கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்தவருக்கான ஹைஸ்மன் விருதை அந்த ஆண்டு வென்ற எடி ஜார்ஜும், ரிசீவர் டெரி க்ளெனும் அந்த அணியில் இருந்தார்கள். அன்று ஆட்டத்தின் நாயகன் 313 யார்டு ஓடிய டிம் பியாகபுடூகா, அதில் ஐயமில்லை. ஆனால் 31–23 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் பத்தொன்பது வயது வுட்சன் இரண்டு பந்துகளை இடைமறித்தார். அதற்குப் பிறகு அவர் பக்கம் பந்தெறிய எதிரணிகள் யோசிக்கத் தொடங்கின.

நல்ல கார்னரின் கஷ்டமும் அங்கேதான் தொடங்குகிறது. நன்றாக ஆட ஆட அவரிடம் பந்தே வராது. வராத பந்தை யாரும் ஏட்டில் குறிப்பதில்லை. அவர் ஒரு ரிசீவரைத் தனியாகச் சமாளிப்பதால், பின்னால் நடுவில் நின்று காக்கும் சேஃப்டி அந்தப் பக்கம் சாயத் தேவையில்லாமல் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வரலாம், அல்லது மறு பக்கத்துக் கார்னருக்கு உதவலாம். 1997 மிச்சிகன் தடுப்பணி ஆட்டத்துக்குச் சராசரியாக 10 புள்ளிகள்கூடக் கொடுக்கவில்லை. தடுப்புத் திட்டம் ஜிம் ஹெர்மனுடையது, பின்வரிசையைப் பயிற்றுவித்தவர் வான்ஸ் பெட்ஃபர்ட். மறு பக்கத்தில் ஆந்த்ரே வெதர்ஸ், நடுவில் மார்கஸ் ரே. வுட்சனைத் தவிர்த்து எறிந்த பந்துகள் இவர்களிடம்தான் போய்ச் சேர்ந்தன. வெதர்ஸை நாம் அவ்வளவாகக் கொண்டாடவில்லை, கொண்டாடியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவர் மேல்தான் பந்துமழை.

கார் செய்த நல்ல காரியம், 1996 முதல் வுட்சனைத் தாக்குதல் பக்கமும் இறக்கியது. முழு நேரமாக அல்ல, தேர்ந்தெடுத்த சில ஆட்ட அசைவுகளுக்கு மட்டும். அவர் உள்ளே ஓடி வந்தாலே எதிரணித் தடுப்பு கையை நீட்டிக் காட்டிக் கத்தும். அதை வைத்துப் பந்தை வேறு பக்கம் கொண்டுபோவதும் ஒரு தந்திரம். 1997இல் அவர் பிடித்த பந்துகள் 11, எடுத்த தூரம் 231 யார்டு. நவம்பர் 8இல் பென் ஸ்டேட்டை அவர்கள் மண்ணில் 34–8 என்று வீழ்த்திய நாளில், குவார்ட்டர்பேக் ப்ரயன் க்ரீஸி எறிந்த 37 யார்டு பந்தை வாங்கி, எதிரணியின் இலக்குக் கோட்டைத் தாண்டும் டச் டவுனும் எடுத்தார். இரு பக்கமும் ஆடுவது அளவை மிஞ்சினால் முதலில் போவது தொடையின் பின்தசை. அதற்கு முன்பே கால்வேலை மந்தமாகும், கார்னர் நிமிர்ந்து நிற்கத் தொடங்குவார், நிமிர்ந்தவரால் இடுப்பைத் திருப்ப முடியாது. அதனால்தான் அளவோடு பயன்படுத்தினார்கள்.

1997 அக்டோபர் 25, ஈஸ்ட் லான்சிங். மிச்சிகன் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் நெருக்கடியில் பந்தை எல்லைக்கு வெளியே எறிந்து தப்பிக்கப் பார்த்தார். அது சரியான முடிவுதான், எந்தப் பயிற்சியாளரும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார். வுட்சன் கோட்டருகே ஓடிவந்து எம்பி, முழுக்க நீட்டிய வலக் கையால் பந்தை வானத்திலேயே நிறுத்தி, உடலோடு சேர்த்து, ஒரு காலைக் கோட்டுக்குள் ஊன்றிவிட்டு வெளியே விழுந்தார். கல்லூரி விதிக்கு ஒரு கால் போதும். அந்தப் பிடியில் பார்க்க வேண்டியது கையை மட்டுமல்ல. பந்து உச்சியில் இருக்கும்போது எம்பும் நேரக் கணக்கு, கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்திருப்பது, கால் படும்வரை பந்தை அசையவிடாதது எல்லாமே அதில் இருக்கின்றன. அந்த ஆட்டத்தில் அவருக்கு இரண்டு, அணிக்கு ஆறு இடைமறிப்புகள். மிச்சிகன் 23–7 என்று வென்றது.

நவம்பர் 22, மீண்டும் ஒஹாயோ ஸ்டேட். 37 யார்டு பந்து ஒன்றைப் பிடித்து முதல் டச் டவுனுக்கு வழி செய்தார். பிறகு எதிரணி உதைத்துவிட்ட பந்தை, அதாவது பன்ட் ஒன்றை வாங்கி 78 யார்டு ஓடி அவரே டச் டவுன் எடுத்தார். பன்ட் வாங்குபவரின் முதல் கடமை முழங்கைகளை ஒடுக்கி, பந்தை மார்புக்குள் இறக்கிக்கொள்வது. ஓட்டம் அதற்குப் பிறகுதான். கண் முன்கூட்டியே எதிராளிகள் மேல் போனால் பந்து கையைவிட்டு நழுவும். எதிரணி எறிந்த பந்தை இலக்குக் கோட்டுக்குப் பின்னுள்ள எண்ட் ஸோனில் வைத்து இடைமறித்ததும் அதே ஆட்டத்தில்தான். மறைக்க வேண்டியதில்லை, டேவிட் பாஸ்டன் அவரைக் கடந்து 56 யார்டு டச் டவுன் எடுத்ததும் அன்றுதான். கார்னராக நிற்பவர் எவரும் இதிலிருந்து தப்பியதில்லை. அடுத்த பந்துக்கு அதே இடத்தில் அதே நெருக்கத்தில் நிற்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும், வுட்சன் நின்றார். வெதர்ஸ் 43 யார்டு இடைமறிப்பு ஓட்டத்தில் இன்னொரு டச் டவுன் சேர்க்க, ஆட்டம் 20–14. பருவ முடிவு ஆட்டமான ரோஸ் போலுக்குத் தகுதி பெற்றதன் அடையாளமாக வாயில் ரோஜாவோடு வுட்சன் நிற்கும் படம் அன்றையது.

டிசம்பரில் ஹைஸ்மன் வாக்கு. வுட்சன் 1,815, டென்னசியின் பெய்ட்டன் மானிங் 1,543. அதற்கு முன் முதன்மையாகத் தடுப்பில் ஆடிய எவருக்கும் அந்த விருது கிடைத்ததில்லை. மிச்சிகனில் 1940இல் டாம் ஹார்மனும் 1991இல் டெஸ்மண்ட் ஹவர்டும் பெற்றிருந்தார்கள். தாக்குதலிலும் பன்டிலும் ஆடியிராவிட்டால் வாக்காளர்கள் அவரைக் கண்டிருக்கவே மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவர் அந்த விருதுக்குத் தகுதி பெற்றது கார்னர் இடத்தில்தான்.

1998 ஜனவரி 1 ரோஸ் போலில் வாஷிங்டன் ஸ்டேட் 7–0 என்று முன்னிலையில் இருந்தபோது, ரயன் லீஃப் எண்ட் ஸோனுக்கு எறிந்த பந்தை வுட்சன் பறித்தார். முடிவு மிச்சிகனுக்கு 21–16, அந்தப் பருவம் 12 வெற்றி, தோல்வி இல்லை. பத்திரிகையாளர் வாக்கில் மிச்சிகன் முதலிடம், பயிற்சியாளர் வாக்கில் நெப்ராஸ்கா. மிச்சிகனுக்கு 1948க்குப் பிறகு கிடைத்த முதல் தேசியப் பட்டம் அது.

அதோடு கல்லூரியை விட்டார். தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் நான்காவதாக ஓக்லண்ட் ரெய்டர்ஸ், பிறகு க்ரீன் பே, மீண்டும் ஓக்லண்ட் என 18 பருவங்கள், 65 இடைமறிப்புகள். கடைசி ஆண்டுகளில் சேஃப்டியாக ஆடினார். 2021இல் மானிங்குடன் ஒரே ஆண்டில் தொழில்முறைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். மிச்சிகன் ஏட்டில் அவர் பெயருக்கு 18 இடைமறிப்புகள் இருக்கின்றன. முதலிடம் 1967 முதல் 1969 வரை ஆடிய டாம் கர்ட்டிஸுக்கு, 25. கர்ட்டிஸ் சேஃப்டி, மைதானத்தின் நடுவில் நிற்பவர். நடுவைத் தவிர்த்து எந்தக் குவார்ட்டர்பேக்காலும் நாள் முழுக்க எறிய முடியாது. ஓரத்தில் நிற்கும் கார்னரைத் தவிர்க்கலாம், வுட்சனைத் தவிர்த்தார்கள். அப்படித் தவிர்த்தும் அவர் 18 எடுத்தார்.