நூறில் எண்பது போனால்

"கடமையில் குறையில்லை. தொழிலில் ஈடுபாடு போதாது."

ஒரு மாணவத் தாதியின் பயிற்சிப் பதிவேட்டில் நான் எழுதிய குறிப்பு இது. சிஸ்டர் விடுமுறையில் நின்றதால் வாட்டுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆகவே கையொப்பமும் என்னுடையதுதான். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதினேன். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளின் பதிவேடுகளில் எழுதியிருக்கிறேன், எதுவும் நினைவில் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்கள் மட்டும் எழுத்துப் பிசகாமல் அப்படியே நிற்கின்றன.

அந்தக் குறிப்பை எழுதுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் ஓர் இரவுக் கடமை. மாரி முடிகிற காலம், வாட்டில் பாதிப் பேர் டெங்குக்காரர்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்கு அன்று மாலைதான் காய்ச்சல் விட்டிருந்தது. காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதியடைவார்கள்; எங்களுக்கு அப்போதுதான் பயம் தொடங்கும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிற அந்த 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள்தான் டெங்கு ஆளைக் கொண்டுபோகும். அந்த மாணவத் தாதி ஒவ்வொரு மணித்தியாலமும் அவனுடைய சிறுநீரை அளந்து எழுதினாள், நாடித்துடிப்பு எழுதினாள், பிரஷர் எழுதினாள். இரண்டு மணி இருக்கும், என்னிடம் வந்தாள்.

"மிஸ், பிரஷர் நூறுக்கு எண்பது."

நான் வேறொருவருக்கு ஊசி மருந்து கலந்துகொண்டிருந்தேன். நூறு என்றதும் என் மனம் அமைதியாகிவிட்டது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவள் நகரவில்லை.

"நூறில் எண்பது போனால் இருபதுதான் மிஸ்."

மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இருபதுக்கு வந்துவிட்டால் உடம்பு அதிர்ச்சி நிலைக்குள் போகிறது என்று அர்த்தம். வைத்தியரை எழுப்பினோம், சேலைனின் அளவை மாற்றினார், விடிவதற்குள் அந்த இடைவெளி முப்பத்தைந்துக்கு ஏறியது. சில நாட்களில் அவன் வீட்டுக்குப் போனான்.

நான்கு மணிக்குப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளிடம் கேட்டேன், ஏன் மகள் இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று. பாராட்டுவதற்காகத்தான் கேட்டேன். அவள் சொல்லப்போகும் பதிலை நானே மனதில் எழுதி வைத்திருந்தேன்.

"சம்பளத்துக்காகத்தான் மிஸ். படிக்கும்போதே மாதாமாதம் காசு தருகிறார்கள். மூன்று வருடம் முடிந்தால் அரசாங்க வேலை, பென்ஷன். கம்பஸுக்குப் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் கேட்க வேண்டும். எனக்கு இரண்டு தங்கச்சிமார். என்னுடையதோடு மூன்று வீடு கட்ட வேண்டும்."

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் தகப்பனுக்கு உறக்கம் கிடையாது. அத்தனையும் தெரிந்த நான் சொன்னது இது:

"அப்படி நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வரக்கூடாது மகள். இது சேவை."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நேர்முகப் பரீட்சையில் நானும் அப்படித்தான் சொன்னேன் மிஸ். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன்."

அவ்வளவுதான் நடந்தது. அவள் எழுந்து டெங்குக்காரரின் கட்டிலுக்குப் போய்விட்டாள். ஐந்து மணி அளவை எடுக்க வேண்டியிருந்தது.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று பல நாட்கள் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதே வாரத்தில் இன்னொரு நாள், காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மனைவி தரையில் உட்கார்ந்து அழுதார். இந்தப் பிள்ளை தன் கணக்குகளை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, சரியாக ஏழு மணிக்குப் போய்விட்டாள். நான் அரை மணித்தியாலம் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். குறிப்பை எழுதும்போது இந்தக் காட்சி என் கண்முன் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணித்தியாலம் நின்ற கால்கள் அவளுடையவை. அழுகிற ஒருவர் பக்கத்தில் என்ன சொல்லி உட்காருவது என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் அந்த வாட்டில் இருந்தேனே, "வந்து உட்கார்" என்று கூப்பிடவில்லையே. அந்த நான்கு மணிப் பதிலைக் கேட்காமல் இருந்திருந்தால், அவள் ஏழு மணிக்குப் போனதை நான் கவனித்தே இருக்கமாட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. மற்ற மாணவிகளும் ஏழு மணிக்குத்தான் போனார்கள்.

என்னுடைய கதையையும் சொல்ல வேண்டும். நான் ஏன் தாதியானேன் என்று யார் கேட்டாலும் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26இலிருந்துதான் தொடங்குவேன். கல்லடியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியது. காலில் தகரம் வெட்டிய அப்பாவை முகாமிலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு மிஸ் இரண்டு நாள் மாற்றாத உடுப்போடு வரிசை வரிசையாகக் காயம் கழுவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் வந்தேன் என்று சொல்வேன். உண்மைதான். ஆனால் தாதியர் கல்லூரிக் கடிதம் வந்த நாளில் எங்கள் தற்காலிகக் கொட்டகையில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "படிக்கும்போதே காசு தருவார்களாமே?" என்பதுதான். அப்பாவுக்குத் தோணியும் இல்லை, வலையும் இல்லை. ஓம் என்று நான் சொன்னபோது அம்மாவின் முகம் மலர்ந்ததும், என் வயிற்றில் ஏதோ இறுக்கம் தளர்ந்ததும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த மிஸ்ஸையும் அந்தக் கடிதத்தையும் ஒன்றாக வைத்து நான் யாரிடமும் சொன்னதில்லை. கதையின் ஒரு பாதியை மட்டும் பதினைந்து வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளையிடம், காசுக்கா சேவைக்கா என்று யாரும் கேட்பதில்லை. வங்கிக்குப் போகிற பிள்ளையிடமும் கேட்பதில்லை. எங்களிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். எங்களுக்குள்ளும் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்.

2022ஐ எண்ணிப் பார்க்கிறேன். அந்த செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. பெற்றோல் இல்லாமல் விடியற்காலையில் சைக்கிளில் கல்லடிப் பாலம் கடந்து கடமைக்குப் போனேன். அந்த யூன் மாதம்தான் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் வாட்டிலிருந்து மூன்று பேர் போனார்கள். அவர்களில் ஒருவர், மே 12ஆம் திகதி தாதியர் தினத்தில் விளக்கேற்றிவிட்டுக் கேட்பவர் கண் கலங்கப் பேசுகிறவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று பிள்ளைகளின் தாய். போனவர்களுடைய முறைகளையும் சேர்த்து இருந்தவர்கள் செய்தோம். காலையும் மாலையும் தொடர்ந்து நின்றேன், இரவும் நின்றேன். அந்த ஓவர்டைம் காசில்தான் பாதியில் நின்றிருந்த எங்கள் வீட்டுக்குச் சீமெந்து பூசினேன். அடிப்படைச் சம்பளம் மட்டும் என்றால் கடன் கழித்த பிறகு கைக்கு என்ன வந்திருக்கும் என்பது என் சம்பளச் சீட்டுக்குத் தெரியும்.

பிறகு 2025 வந்தது. அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்குப் படிப்படியாக உயர்த்துவதாக வரவுசெலவுத் திட்டம் சொன்னது. ஆனால் மேலதிக நேரத்துக்கும் விடுமுறை நாள் கடமைக்குமான கொடுப்பனவில் கை வைக்கிறார்கள் என்று தாதியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. மதிய வேளையில் நானும் வாசலில் பதாகை பிடித்து நின்றேன். ஒரு நோயாளியைப் பார்க்க வந்த பெரியவர் எங்களைக் கடந்து போகும்போது பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார்: "சேவை செய்ய வந்தவர்கள், காசுக்குத் தெருவில் நிற்கிறார்கள்."

எனக்குக் கோபம் வந்தது. பின்னால் போய், "ஐயா, உங்கள் உறவினரை இரவு முழுவதும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது யார்?" என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. பதாகையைப் பிடித்தபடி நின்றபோது அந்தப் பெரியவரின் வாக்கியமும் நான் பதிவேட்டில் எழுதிய வாக்கியமும் ஒன்றுதான் என்பது தெரிந்தது. அவர் வாயால் சொன்னார், நான் பேனையால் எழுதிக் கையொப்பமும் இட்டேன்.

இருந்தாலும் முழுவதும் அந்த மாணவியின் பக்கம் சாய என்னால் முடியவில்லை. காசுக்காக மட்டும் வந்து, நோயாளியைக் கட்டில் இலக்கமாகவே பார்த்து ஓய்வுபெற்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஈடுபாடு என்று ஒன்று இருக்கிறது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத கிழவனின் புருவத்தைப் பார்த்து வலியை அறிவது அது. அதைச் சம்பளத்தால் வாங்க முடியாது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் நூறில் எண்பதைக் கழித்துப் பார்த்துவிட்டு, நான் திரும்பும்வரை நகராமல் நின்றாளே, அது என்ன? காசை எண்ணுகிற அதே மனந்தான் அன்று அந்த இளைஞனின் பிரஷரையும் எண்ணியது.

சென்ற வருடம் அவளைப் பஸ் தரிப்பிடத்தில் கண்டேன். அம்பாறை மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையில் வேலை. மூத்த தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். நான் அந்தக் குறிப்பைப் பற்றிக் கதைக்க நினைத்தேன். அவள் என் மாமியின் சுகம் விசாரித்தாள், என் மகனின் படிப்பைக் கேட்டாள், எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தாள். அதையும் நினைவில் வைத்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு வாய் வரவில்லை. கல்முனை பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

இப்போது என் அக்காவின் மகள் உயர்தரம் முடித்துவிட்டுத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அக்காவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு வீடுதான் இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சின்னம்மா, நேர்முகப் பரீட்சையில் ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறாய் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும்?"

நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, மக்களுக்குச் சேவை செய்ய விருப்பம் என்று சொல் மகள் என்றேன். அவள் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டாள்.