லிஸ்டில் இல்லாத சென்சார்: லினக்ஸ் கேர்னலுக்கு ஓர் உதவிக்குறிப்புத் திருத்தம் அனுப்பிய கதை

லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில், வன்பொருளை இயக்கும் நிரல் துண்டான டிரைவர் ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும், கேகான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் சில வரிகளில் ஓர் உதவிக்குறிப்பு இருக்கும். எந்தெந்த சிப்புக்கு அந்த டிரைவர் வேலை செய்யும் என்று அதில்தான் எழுதியிருப்பார்கள். கேர்னலை மூல நிரலிலிருந்து சொந்தமாக பில்ட் செய்கிறவர் மெனுகான்ஃபிக் என்ற தேர்வுப் பட்டியலைத் திறந்து, அந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் டிரைவரைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவெடுப்பார். அங்கே ஒரு சிப்பின் பெயர் விடுபட்டுப் போனால், டிரைவர் இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

எங்கள் பக்கத்தில் அது அப்படியே நடந்தது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மின்வேலை பார்க்கும் அண்ணன், கொழுந்து வாட்டும் இடத்தில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்ய ஒரு சின்ன போர்ட் கணினியைப் பொருத்திக்கொண்டிருந்தார். கொழுந்து வாட ஏறக்குறைய 12 முதல் 18 மணிநேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் காற்றில் ஈரம் ஏறி, வாட்டம் இழுபட்டுக்கொண்டே போகும். இரவில் ஆள் போய் ஈரப்பதம் கணிக்க வைத்திருக்கும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்து எழுதும் வேலையை இயந்திரம் செய்யட்டுமே என்பது அவர் எண்ணம். சென்சாரைக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து எடுப்பித்தும் விட்டார். பிறகு எனக்கு போன் வந்தது.

"தம்பி, லிஸ்ட்ல இந்த நம்பர் இல்லையே. திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கவா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே, கோட்ல பாத்துட்டுச் சொல்றேன்."

டிரைவரின் சோர்ஸ் கோடில் அந்த நம்பர் இருந்தது. மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தித் தேடினால் கான்ஃபிக் பெயர்களில் மட்டும்தான் தேடும். உதவிக்குறிப்புக்குள்ளோ, டிரைவர் எழுதப்பட்டிருக்கும் சி மொழிக் கோப்புக்குள்ளோ போகாது. அதனால் கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வன்பொருள் கண்காணிப்புக்கான எச்டபிள்யூமான் அடைவில், ஒரு டிரைவரின் ஐடி டேபிளில் (அது ஏற்கும் சிப்புகளின் அட்டவணை), அண்ணன் கையில் இருந்த அதே சிப்பின் பெயர் இருந்தது. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் காரணமும் தெரிந்தது: இந்தச் சிப்புக்கு ஆதரவைச் சேர்த்த கமிட் (மாற்றப் பதிவு) சி கோப்பை மட்டுமே தொட்டிருந்தது.

இது ஏன் அடிக்கடி நேர்கிறது என்று யோசித்தால் விளங்கும். டேபிளில் ஒரு வரி சேர்த்தவுடன் சாதனம் ஓடத் தொடங்கிவிடும். உதவிக்குறிப்பு பழையதாகவே கிடந்தாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, எந்தச் சோதனையும் தோற்காது. பெயர் வைத்த விதமும் ஆளைக் குழப்பும். பிள்ளைகள் வாங்கும் மலிவான ஆர்டுயினோ போர்ட்கள் பலவற்றில் இருப்பது சிஎச் 340 என்ற யுஎஸ்பி சிப். அதை ஓட்டும் டிரைவரின் பெயரோ சிஎச் 341. விவரம் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து பில்ட் செய்கிறவருக்கு அந்த நாலு வரிதான் வழி.

திருத்துவதற்கு முன் அண்ணனிடமிருந்து சென்சாரை வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். டிரைவர் ஏறியதும், சாதன அளவுகளைக் கேர்னல் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவில் வெப்பத்துக்கு ஒரு கோப்பும் ஈரப்பதத்துக்கு ஒரு கோப்பும் வந்தன. வெப்பக் கோப்பில் 19850 என்று இருந்தால் 19.85 பாகை செல்சியஸ். எண்கள் எல்லாம் ஆயிரத்தால் பெருக்கித்தான் வரும். ஈரப்பதத்துக்கும் அதே கணக்கு. ஃபேக்டரியின் உலர்குமிழ் வெப்பமானிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தோம், இரண்டும் ஒத்துப்போயின. அதற்குப் பிறகுதான் பெயரை எழுத எனக்கு மனம் வந்தது.

சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் அதே குடும்பத்துச் சிப்புகள் இன்னும் சில இருந்தன. அவற்றையும் சேர்த்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டேபிளில் இல்லாத சிப்பை லிஸ்டில் போட்டால், அதை நம்பி ஒருவர் காசு கொடுத்து வாங்குவார். விடுபட்ட பெயர் செய்யும் கெடுதலைவிட இது பெரிது. எல்எம் 75 என்ற வெப்ப சென்சார் டிரைவரின் குறிப்பைப் பார்த்தால் எப்படி எழுத வேண்டும் என்று புரியும். பல கம்பனிகளின் ஒத்த சிப்புகளைப் பெயர் பெயராக அடுக்கியிருப்பார்கள்.

திருத்தம் ஒரே வரிதான், ஆனால் அதற்கும் முறை இருக்கிறது. கான்ஃபிக் வரிக்குக் கீழே உள்ளவை ஒரு டேப் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். உதவிக்குறிப்பு அந்த டேப்புக்கு மேல் இன்னும் இரண்டு ஸ்பேஸ். பிரவுசரிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினால் இந்த டேப்பெல்லாம் சிதைந்துபோகும் என்பதால் கிட் சென்ட்-இமெயில் கட்டளை வழியாகத்தான் அனுப்பினேன். அதற்கு முன் எழுத்து முறையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டி, யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டில் எடுத்துக்கொண்டேன். கடைசியில் சைன்ட்-ஆஃப்-பை வரி கட்டாயம். இந்த மாற்றத்தைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று பெயர் போட்டுச் சொல்லும் உறுதிமொழி அது.

அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னரிடமிருந்து பதில் வந்தது. சிப்பைக் கையில் வைத்துச் சோதித்தீர்களா, டேபிளைப் பார்த்து எழுதினீர்களா என்று முதலில் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு, ஆதரவைச் சேர்த்த கமிட்டை விளக்கத்தில் குறிப்பிடச் சொன்னார். டிரைவரின் ஆவணப் பக்கத்தையும் சேர்த்துத் திருத்தச் சொன்னார். எச்டபிள்யூமான் பகுதிக்கென்று உள்ள பேட்ச் (திருத்தம்) அனுப்பும் விதிகளிலேயே, இருக்கிற டிரைவரை விரிவாக்கும்போது ஆவணமும் கேகான்ஃபிக் தகவலும் நடப்பு நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அடுத்த பதிப்பில், விளக்கம் முடியும் இடத்தில் வரும் மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே என்ன மாறியது என்று குறித்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டவுடன் எல்லோர் கைக்கும் வந்துவிடாது. முதலில் அந்தப் பகுதியின் கிளை, பிறகு அடுத்த வெளியீட்டுக்கான மாற்றங்களைச் சேர்த்துப் பார்க்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட், அதன்பின் புதிய மாற்றங்களை ஏற்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோவில், லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸின் முதன்மை மரம் (மூல நிரல் தொகுப்பு). ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே 9 முதல் 10 வாரம் ஆகும். வெளியான பிறகும் திருத்தங்கள் பெறும் பழைய ஸ்டேபிள் பதிப்புகளுக்குப் புதிய சாதன ஐடி போகலாம் என்று விதி இருக்கிறது. வெறும் உதவிக்குறிப்புத் திருத்தம் அந்த விதிக்குள் வராது. ஆகவே பழைய கேர்னல் வைத்திருப்பவர்கள் லிஸ்டை மட்டும் நம்பாமல் ஐடி டேபிளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அண்ணன் சென்சாரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே ஆவணப் பக்கத்தில் இன்னொரு சிப்பின் டேட்டாஷீட் முகவரி திறக்காமல் கிடக்கிறது. அதைத் தனி பேட்ச்சாக அனுப்பச் சொல்லியிருக்கிறார் மெயின்டெய்னர். சரியான முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.