ஆற்றுதலும் தேற்றுதலும்

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் மறைந்தபோது, திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்களில் பலர் என் அம்மாவிடம் ஏதேனும் ஒரு காரணத்தைச் சொல்லிச் சென்றார்கள். "எண்பது வயசு, கல்யாணச் சாவு" என்றார் ஒருவர். "படுக்கையில கெடந்து சீரழியாமப் போயிட்டாக" என்றார் இன்னொருவர். சொன்னவை பொய்யல்ல, சொன்னவர்களின் அன்பிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு சொல்லும், இவ்வளவு அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் வாதாடுவதாகவே என் காதில் விழுந்தது. பிற்பகலில் அத்தை வந்தார், அப்பாவின் தங்கை. அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு, எங்கள் வீட்டில் அடுப்பு எரியாததால் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த காப்பியை டம்ளருக்கும் டவராவுக்கும் மாற்றி மாற்றி ஆற்றி, அம்மாவின் கையில் கொடுத்து, "ரெண்டு வாய் குடிங்க மைனி" என்றார். காலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடாத அம்மா அதைக் குடித்தார்.

காப்பியை ஆற்றுவதும் துயரை ஆற்றுவதும் நம் மொழியில் ஒரே வினைச்சொல் என்பது அன்று முதல் என் நினைவை விட்டு அகலவில்லை. பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, பசியாறுகிறோம், இளைப்பாறுகிறோம், மனமும் ஆறுகிறது. இவை அனைத்திலும் உள்ளது வெம்மை தணிதல். அது தனக்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டே தணியும். சூடான பாலிடம் "சுடாதே" என்று யாரும் சொல்வதில்லை. துயருற்றவரிடம் மட்டும் "அழாதே" என்று சொல்லிவிடுகிறோம்.

தேற்றுதல் என்ற சொல்லோ இன்னும் நுட்பமானது. கலங்கிய நீரைத் தெளிய வைக்க, மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரை ஊற்றி வைப்பது நம் பழைய வழக்கம். கலங்கலாக மிதந்த மண் மெல்ல அடியில் படிந்து நீர் தெளியும். மனமும் கலங்குகிறது, பின்பு தேறுகிறது. இந்த உவமை புதிதன்று: சங்க நூலான கலித்தொகையின் நெய்தற்கலிப் பாடல் ஒன்றில், பிரிவால் கலங்கிய பெண் தலைவன் திரும்பி வந்ததும் தேற்றா விதையால் தெளிந்த நீரைப்போலத் தெளிந்தாள் என்று வருகிறது. கொட்டை மண்ணை வெளியே எடுத்துவிடுவதில்லை. மண் பானைக்குள்ளேயே இருக்கிறது, நீர் குடிக்கும்படி ஆகிறது. தேறியவரின் துயரத்தைப் பற்றி இதைவிடச் சரியாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கப் பாடல்களில் தேற்றும் பொறுப்பு பெரும்பாலும் தோழியுடையது. குறுந்தொகையின் 66ஆம் பாடலில், தலைவன் திரும்புவதாகச் சொன்ன கார்காலம் வந்துவிட்டது, கொன்றையும் பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தோழியோ, இந்தக் கொன்றை மரங்கள் அறியாதவை, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டன என்கிறாள். அவள் சொல்வது உண்மையல்ல என்பது தலைவிக்கும் தெரிந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். எனினும் அவள் தலைவியின் ஏக்கத்தைக் குறை கூறவில்லை, தலைவனைப் பழிக்கவுமில்லை. தவற்றை மரத்தின்மேல் ஏற்றி, தலைவி இன்னும் சில நாள் பொறுத்திருக்க இடம் செய்து தருகிறாள். அந்தப் பரிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

மருத்துவமனை வாசலில் காத்திருப்பவரிடம் சொல்லும் "ஒண்ணும் ஆகாது" என்பதையும் இந்த வகையில் சேர்க்கலாமா என்று யோசித்திருக்கிறேன். சேர்க்க மனம் வரவில்லை. காப்பாற்ற முடியாத வாக்கு அது. "நான் இங்கேயேதான் இருப்பேன்" என்பது நம் கையில் உள்ள வாக்கு. இரவு முழுவதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் காப்பாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருக்கலைந்த ஒரு தோழியிடம், "உனக்கு வயசு இருக்கு, அடுத்தது நல்லபடியா பிறக்கும்" என்று நானே ஒருமுறை சொன்னேன். "எனக்கு இந்தக் குழந்தைதான் வேணும்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவளருகே பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தை முதலிலேயே அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்வதில்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், எல்லாரும் அப்படியே சொல்லாமல் எழுந்து போனார்கள், அத்தையும்தான். ஆனால் மறுநாள் மாலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "என்ன மைனி, ராத்திரிக்கு என்ன செஞ்சிய?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் செய்திருக்கவில்லை. அடுத்த நாளும் அதே நேரத்தில் அதே கேள்வி வந்தது. ஓராண்டுக்கு மேல் அந்த அழைப்பு நின்றதேயில்லை. சில வாரங்களில் அம்மா, அத்தை கேட்டால் சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று, ஆறரை மணிக்கே தோசைக்கல்லை அடுப்பில் வைக்கத் தொடங்கினார்.